காட்பாடி பக்கம் புல்லு மிஷின், பவர் வீடர் சர்வீஸ் பண்ற மெக்கானிக் கடை: என் அனுபவம்

வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கம் பிரஷ் கட்டர் (புல்லு மிஷின்), பவர் வீடர் (களை எடுக்கற மிஷின்), பெட்ரோல் பம்ப்செட், மருந்து அடிக்கற மிஷின்னு ஏதாவது ஒண்ணு வச்சிக்கினு அதுக்கு நல்ல மெக்கானிக் தேடறவங்களுக்கு இந்த ரிவ்யூ. மொதல்லயே சொல்லிட்றேன், இந்த கடைய நான் முழு மனசோட சிபாரிசு பண்றேன். காரணம் ஒண்ணு தான். இந்த மெக்கானிக் கழுவிப் பாக்காம, தொடச்சிப் பாக்காம எந்த சாமானையும் மாத்த மாட்டாரு, அதையும் நம்ம கண்ணு முன்னாடியே பண்ணுவாரு.

கடை எங்கன்னா, வேலூர்ல இருந்து பாலாத்து பாலம் தாண்டி விருதம்பட்டு வந்து காட்பாடி போற மெயின் ரோட்ல இருந்து உள்ள திரும்பற ஒரு சந்து. போர்டெல்லாம் கெடையாது, தகரக் கொட்டாய், வாசல்ல நாலஞ்சு மிஷின் சாத்தி வச்சிருக்கும். சந்து முனையில புல்லு மிஷின் மெக்கானிக்னு கேட்டா யார் வேணா கை காட்டுவாங்க. சித்தூர் பக்கத்துல இருந்து கூட மிஷின தூக்கிக்கினு வராங்க, அவங்க கிட்ட தெலுங்குலயே பேசறாரு.

எங்க பக்கம் இப்ப ஊட்டுக்கு ஊடு இந்த சின்ன என்ஜின் வந்துடுச்சி. களை எடுக்க ஆள் கெடைக்கறது இல்ல, பாதி பேரு ஏரி வேலைக்கு போயிட்றாங்க, மீதி பேரு ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்கு போயிட்றாங்க. வேளாண்மை பொறியியல் துறையில மானியமும் தர்றாங்க, உழவன் ஆப்ல பதிஞ்சிக்கலாம். அதனால வாங்கறது ஈஸி. ஆனா வாங்குன அப்புறம் அத யாரு பாக்கறதுங்கறது தான் பேஜாரு. டூவீலர் மெக்கானிக் கிட்ட போனா இது நம்ம லைன் இல்லண்ணுவாரு, டிராக்டர் மெக்கானிக் இத கையில எடுத்துக் கூட பாக்க மாட்டாரு.

எனக்கு தென்னந்தோப்பு கொஞ்சம், மல்லாட்டை (வேர்க்கடலை) போடற கொல்லி (நெலம்) கொஞ்சம். பிரஷ் கட்டர் ஒண்ணு, பவர் வீடர் ஒண்ணு இருக்குது. இதுல வீடர் தான் என்ன இந்த கடைக்கு கொண்டு போய் சேர்த்துச்சி. காலீல நல்லா ஸ்டார்ட் ஆவும், ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் ஓடும், அப்புறம் ஆள் மூச்சு முட்டற மாதிரி தெணறி நின்னுடும். கொஞ்ச நேரம் நெழல்ல வுட்டு இழுத்தா மறுபடியும் ஸ்டார்ட் ஆவும், மறுபடியும் அதே கதை. மொதல்ல வேற ஒரு கடைக்கு கொண்டு போனேன், பேரு வேணாம். அங்க தொறந்து கூட பாக்காம கார்ப்ரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து வுட்றது) போச்சி, புதுசு தான் போடணும், பிளக்குக்கு கரண்ட் குடுக்கற காயிலும் வீக்கா இருக்குது, ரெண்டும் சேத்து மாத்திட்லாம்னு ஒரு தொகை சொன்னாங்க, அத கேட்டு மிஷின அப்டியே வண்டியில ஏத்திக்கினு வந்துட்டேன்.

இவரு கிட்ட கொண்டு போனப்ப மிஷின தொடவே இல்ல, மொதல்ல கேள்வி தான். "பெட்ரோல் எப்ப ஊத்துன தம்பி? ஓடும்போது நிக்குதா, இல்ல ஸ்டார்ட்டே ஆவறது இல்லியா? நிக்கறதுக்கு முன்னாடி சத்தம் ஏறுதா எறங்குதா?" நான் சொன்னத முழுசா கேட்டுட்டு ஸ்டார்ட் பண்ணி அப்டியே ஓட வுட்டாரு, பக்கத்துல வேற வேலை பாத்துக்கினு இருந்தாரு. தெணற ஆரம்பிச்சதும் எழுந்து வந்து பெட்ரோல் டேங்க் மூடிய லேசா தளத்தினாரு. புஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்துச்சி, என்ஜின் நிக்காம அப்டியே நிமிந்து ஓடுச்சி.

விஷயம் என்னன்னா அந்த மூடியில காத்து போறதுக்கு ஒரு சின்ன ஓட்ட இருக்கும். பெட்ரோல் எறங்க எறங்க அந்த எடத்துக்கு வெளிய இருந்து காத்து உள்ள போவணும். எங்க கொல்லி மண்ணு அதுல அடச்சிக்கிச்சி. காத்து போவாததால டேங்க்ல வெற்றிடம் ஆயி பெட்ரோல் கீழ எறங்கல. நின்ன அப்புறம் மெல்ல கொஞ்சம் காத்து கசிஞ்சி உள்ள போவுது, அதனால மறுபடி ஸ்டார்ட் ஆவுது. மூடிய கழட்டி மண்ணெண்ணெய்ல முக்கி, மெல்லிசு கம்பியால குத்தி, காத்து அடிச்சி மாட்டிக் குடுத்தாரு. கார்ப்ரேட்டரும் நல்லா தான் இருந்துச்சி, காயிலும் நல்லா தான் இருந்துச்சி. இதுக்கு காசு கேட்டதுக்கு டீ வாங்கிக் குடுன்னு சொல்லிட்டாரு. அன்னில இருந்து எங்க ஊருல யாரு மிஷின் நின்னாலும் மொதல்ல மூடிய தளத்திப் பாருன்னு தான் சொல்றேன்.

அப்புறம் பிரஷ் கட்டர முழு சர்வீஸுக்கு குடுத்தேன். அத எப்படி பண்ணாருன்னு கொஞ்சம் விலாவாரியா எழுதறேன், ஏன்னா சர்வீஸ்னா இன்னா பண்ணணும்னு தெரிஞ்சா தான் மத்த கடையில ஏமாறாம இருக்கலாம்.

கையில எடுத்ததும் மொத வேலையா ஸ்பார்க் பிளக் (பெட்ரோல பத்த வெக்கறது) மேல இருக்கற மூடிய வயரோட புடுங்கிட்டாரு. பிளேடு பக்கம் கை வெக்கறதுக்கு முன்னாடி இது கட்டாயம்னாரு, வேலை நடுவுல தப்பித் தவறி கூட என்ஜின் ஸ்டார்ட் ஆயிடக் கூடாதாம். கூட வேலை செய்யற பையன் ஒரு தடவ மறந்துட்டு பிளேடு நட்ட கழட்டப் போனான், அதுக்கு வுட்டாரு பாருங்க ஒரு திட்டு.

அடுத்து பிளக்க கழட்டி வெளிச்சத்துல காமிச்சாரு. பிளக் முனை காப்பித்தூள் கலர்ல காஞ்சி இருந்தா என்ஜின் நல்லா எரிக்குது. கறுப்பா கரி படிஞ்சி இருந்தா பெட்ரோல் அதிகமா போவுது இல்ல ஏர் ஃபில்டர் அடச்சிருக்குது. எண்ணெயா நனஞ்சி இருந்தா ஆயில் மேல ஏறுது. வெள்ளையா வெந்து போயிருந்தா பெட்ரோல் பத்தல, சூடு அதிகம், அத வுட்டா என்ஜின் போயிடும். என்னுது கரியா இருந்துச்சி. பித்தளை பிரஷ்ல தேச்சி, ஃபீலர் கேஜ்னு ஒரு மெல்லிசு அளவு தகட வுட்டு பிளக் முனையில இருக்கற இடைவெளிய பாத்தாரு. ஹோண்டா ஜிஎக்ஸ்35 மாதிரி சின்ன என்ஜினுக்கு 0.6ல இருந்து 0.7 மில்லிமீட்டர், வீடர்ல பம்ப்செட்ல வர்ற ஜிஎக்ஸ்160 மாதிரி என்ஜினுக்கு 0.7ல இருந்து 0.8, செயின்சாவுக்கு (மரம் அறுக்கற மிஷின்) நெறய மாடல்ல 0.5 தான். எல்லாத்துக்கும் ஒரே அளவுன்னு கண்ணால பாத்து தட்டி வுட்ற ஆளு இல்ல இவரு.

கரி ஏன் வந்துச்சின்னு தேடுனா ஏர் ஃபில்டர். ஸ்பாஞ்சு முழுக்க மல்லாட்டை கொல்லி செம்மண்ணும் புல்லு தூசியும். இத சோப்பு தண்ணியில கசக்கி, நல்ல தண்ணியில அலசி, முறுக்காம அமுக்கிப் புழிஞ்சி நெழல்ல காய வெச்சாரு. காஞ்ச அப்புறம் நாலு சொட்டு என்ஜின் ஆயில் வுட்டு கையால பெசஞ்சி, அதிகமா இருந்தத புழிஞ்சி எடுத்துட்டு மாட்டினாரு. அந்த எண்ணெய் பசை தான் தூசிய புடிக்குதாம். இத யாரும் சொல்லித் தர்றது இல்ல. நெறய பேரு பெட்ரோல்ல கழுவறாங்க, அது ஸ்பாஞ்சயும் கெடுக்கும், நெருப்புக்கும் ஆபத்து. பேப்பர் ஃபில்டர் வர்ற என்ஜின்ல கழுவவே கூடாது, தட்டி எடுக்கணும், முடியலன்னா மாத்தணும். ஏர் ஃபில்டர 25 மணி நேரம் ஓட்டுனா ஒரு தடவ சுத்தம் பண்ணணும்னு நெறய என்ஜின் புக்குல போட்டிருக்கும். எங்க ஊரு தூசிக்கு அது பத்தாது, மாசி பங்குனியில கொல்லியில ஓட்டறவங்க தெனமும் சாயங்காலம் தொறந்து பாருங்கன்னாரு, நானும் இப்ப அப்டி தான் பண்றேன்.

கார்ப்ரேட்டர் கழட்டுனது தான் எனக்கு ரொம்ப புடிச்ச எடம். ஒரு பழைய எவர்சில்வர் தட்டுல வெள்ளைத் துணிய விரிச்சி ஒவ்வொரு ஸ்க்ரூவா எடுத்து வரிசையா வெச்சாரு. சின்ன மிஷின்ல மிதவை இருக்காது, மெல்லிசா ஒரு டயாஃப்ரம் (சவ்வு மாதிரி) தான் பெட்ரோல அளந்து வுடுது, அதனால தான் மிஷின எந்த பக்கம் சாச்சாலும் ஓடுது. அந்த டயாஃப்ரத்த ரெண்டு வெரல்ல புடிச்சி காதுகிட்ட கொண்டு போய் மெல்ல மடக்கினாரு. மெத்துன்னு இருந்தா நல்லது, மொறமொறன்னு சத்தம் வந்தா வெறச்சிப் போச்சி, மாத்த வேண்டியது தான். என்னுது மெத்துன்னு இருந்துச்சி, "இது இன்னும் ரெண்டு வருஷம் வரும் தம்பி, மாத்த வாணாம்"னு அப்டியே வெச்சிட்டாரு. உள்ள கை நகம் அளவுக்கு ஒரு சல்லடை இருக்குது, அதுல பச்சையும் பழுப்புமா பசை மாதிரி படிஞ்சி இருந்துச்சி, அத கார்ப் கிளீனர் அடிச்சி காத்து வுட்டு எடுத்தாரு. டேங்குக்குள்ள குழாய் முனையில இருக்கற ஃபில்டர ஒரு வளச்ச கம்பியால கொக்கி போட்டு வெளிய எடுத்தாரு, அது சாயம் ஏறி கறுத்துப் போயிருந்துச்சி, அது ஒண்டி புதுசு.

அந்த பசை எங்க இருந்து வருதுன்னு கேட்டேன். பழைய பெட்ரோல். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், ஈரம் அதிகமாச்சின்னா தண்ணியும் எத்தனாலும் சேந்து தனியா பிரிஞ்சி டேங்க் அடியில தங்கிடும், நம்ம குழாய் உறிஞ்சறதும் அந்த அடியில இருந்து தான். நெறய சின்ன என்ஜின் புக்குல எத்தனால் 10 சதவீதம் வரைக்கும்னு தான் போட்டிருக்கு, ஆனா பங்க்ல நமக்கு வேற வழி இல்ல. அதனால இவரு சொல்றது, கேன்ல மாசக்கணக்கா வாங்கி வெக்காத, அந்தந்த வாரத்துக்கு வேணும்னறத மட்டும் வாங்கு. ஒரு மாசத்துக்கு மேல மிஷின எடுக்க மாட்டன்னா டேங்க காலி பண்ணிட்டு, ஸ்டார்ட் பண்ணி தானா நிக்கற வரைக்கும் ஓட வுடு, கார்ப்ரேட்டர்ல ஒரு சொட்டு கூட தங்கக் கூடாது. வீடர், பம்ப்செட்ல மிதவை கிண்ணம் இருக்கும், அதுக்கு அடியில வடிக்கறதுக்கு ஒரு ஸ்க்ரூ இருக்குது, அத தொறந்து வுட்டாலே போதும். இவரு கடைக்கு வர்ற மிஷின்ல பாதிக்கு மேல இந்த ஒரு காரணம் தானாம், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில மூலையில போட்டுட்டு தை மாசம் எடுக்கறப்ப வரிசையா வருதாம்.

ஆயில் பத்தி இவரு ரொம்ப கண்டிப்பு. ஜிஎக்ஸ்35 மாதிரி 4 ஸ்ட்ரோக் என்ஜின்ல மொத்த ஆயிலே 100 மில்லி தான், ஒரு டீ கிளாஸ் அளவு கூட நெறையாது, அத வெச்சிக்கினு அது நிமிஷத்துக்கு 7000 சுத்து சுத்துது. அதுல 20 மில்லி கொறஞ்சா அஞ்சுல ஒரு பங்கு போச்சி. அதனால ஒவ்வொரு தடவ ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியும் சமமான எடத்துல வெச்சி ஆயில் பாக்கணும். புது மிஷின்னா மொத 10 மணி நேரத்துல ஒரு தடவ மாத்தணும், அப்புறம் 50 மணி நேரத்துக்கு ஒரு தடவ இல்லன்னா ஆறு மாசம். வீடர்ல வர்ற ஜிஎக்ஸ்160 மாதிரி என்ஜினுக்கு சுமார் 600 மில்லி புடிக்கும், மொதல்ல 20 மணி நேரம், அப்புறம் 100 மணி நேரம் இல்ல ஆறு மாசம். 10 டபிள்யூ 30 கிரேடு ஆயில் போட்டாரு. என்ஜின் வெதுவெதுன்னு இருக்கும்போதே வடிச்சாரு, அப்ப தான் அழுக்கு முழுசா சேந்து வருமாம். அதிகமா ஊத்துனாலும் தப்பு, வெள்ளைப் பொகை வரும், ஏர் ஃபில்டர் வரைக்கும் ஆயில் ஏறிடும்.

2 ஸ்ட்ரோக் மிஷின் வச்சிருக்கறவங்களுக்கு வேற கணக்கு. பெட்ரோல்லயே 2டி ஆயில் (2 ஸ்ட்ரோக்குக்குன்னே வர்ற ஆயில்) கலக்கணும். 50க்கு 1னு போட்டிருந்தா லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1னு போட்டிருந்தா 40 மில்லி. மூடியால ஒரு குத்துமதிப்பா ஊத்தறவங்க தான் எங்க பக்கம் அதிகம். அதனால இவரு மெடிக்கல்ல விக்கற அளவு போட்ட சிரிஞ்சு ஒண்ண வாங்கி வெச்சிக்கோன்னு எல்லாருக்கும் சொல்றாரு. நான் இருக்கும்போது இலவம்பாடி பக்கத்துல இருந்து கத்திரிக்கா தோட்டத்துக்கு மருந்து அடிக்கற மிஷின ஒரு அம்மா கொண்டு வந்தாங்க. புவிசார் குறியீடு வாங்குன முள்ளு கத்திரிக்கா வெளையற அந்த ஊரு தான். அவங்க ஊட்ல யாரோ ஆயில் கலக்காம வெறும் பெட்ரோல் ஊத்தி ஓட்டிட்டாங்க. சைலன்சர கழட்டி அந்த ஓட்ட வழியா டார்ச் அடிச்சி பிஸ்டன அவங்களுக்கே காமிச்சாரு, பளபளன்னு இருக்க வேண்டிய எடத்துல நெடுக்கா கோடு கோடா உரிஞ்சி இருந்துச்சி. "இதுக்கு மேல நான் பண்ணா உன் காசு வீண் மா, சிலிண்டர் பிஸ்டன் செட்டே மாத்தணும், அதுக்கு இவ்ளோ ஆவும், புதுசு இவ்ளோ, நீயே யோசிச்சி சொல்லு"ன்னாரு. வேற யாரா இருந்தாலும் வேலைய ஒத்துக்கினு அப்புறமா செலவ ஏத்தியிருப்பாங்க.

மத்தபடி சைலன்சர்ல தீப்பொறி தடுக்கற ஒரு சின்ன வலை இருக்குது, அதுல கரி அடச்சா மிஷின் ஸ்டார்ட் ஆவும் ஆனா எவ்ளோ அமுக்குனாலும் சத்தம் ஏறாது, அத கழட்டி பிரஷ் போட்டாரு. பிளேடு பக்கம் இருக்கற கியர் பெட்டிக்கு கிரீஸ் வெச்சாரு. சிலிண்டர் மேல இருக்கற தகடு இடுக்குல காஞ்ச புல்லு வெதையெல்லாம் அடஞ்சி கெடந்துச்சி, ஊதி எடுத்தாரு, மே மாசம் 40 டிகிரி தாண்டற நம்ம ஊருல காத்தால மட்டும் குளுர்ற என்ஜினுக்கு இது ரொம்ப முக்கியம்.

கடைசியில ஸ்டார்ட் பண்ற விதத்தையும் என்ன பண்ண சொல்லி பாத்தாரு. கயித்த வெறுக்குன்னு இழுக்கக் கூடாது, மெல்ல இழுத்தா ஒரு எடத்துல தட்டும், அங்க இருந்து வேகமா இழுக்கணும், இழுத்த கயித்த அப்டியே வுடாம கையோட உள்ள அனுப்பணும். சூடா இருக்கற என்ஜினுக்கு சோக் (காத்த கொறச்சி ஸ்டார்ட் பண்ண உதவற லீவர்) போடாத. ரெண்டு மூணு இழுப்புல வரலன்னா இழுத்துக்கினே இருக்காத, பெட்ரோல் நெரம்பி பிளக் நனஞ்சிடும், பிளக்க கழட்டி தொடச்சிட்டு, சோக்க தொறந்து ஆக்சிலேட்டர அமுக்கிக்கினு வெறும் கயிறு அஞ்சாறு தடவ இழுத்துட்டு மாட்டு. எனக்கு தோள்பட்ட வலி கொறஞ்சதே இதுக்கு அப்புறம் தான்.

லேபர் 350 ரூபா வாங்கினாரு, ஆயில், ஃபில்டர் தனி, மாத்துன பழைய ஃபில்டர கையில குடுத்தாரு. என்னப் பொறுத்த வரைக்கும் இது ரொம்ப நியாயம், முழுசா கழட்டி மாட்ட மத்தியானம் ஆயிடுச்சி.

கொறைன்னு சொல்லணும்னா இருக்குது. கடை பூரா சாமான், குந்தறதுக்கு ஒரு பழைய டயர் தான். சொன்ன நாள்ல தர மாட்டாரு, சீசன்ல ஒரு வாரம் கூட இழுக்கும், போன் பண்ணா வேலை நடுவுல எடுக்க மாட்டாரு. பில்லு கெடையாது, மானியத்துல வாங்குன மிஷினுக்கு வாரண்டி இருக்கறவங்க இங்க தொறக்காதீங்க, வாரண்டி முடியற வரைக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்க, இவரும் அத தான் சொல்றாரு, வாரண்டி கார்ட பாத்துட்டு திருப்பி அனுப்புனத நானே பாத்தேன். பேரு தெரியாத கம்பெனி மிஷினுக்கு ஸ்பேர் சென்னையில இருந்து வரணும்னா அதுக்கு காத்திருக்க தான் வேணும், கெடைக்காததுக்கு வேற எதையாவது வெட்டி ஒட்டி மாட்டி வுட மாட்டாரு. நடுநடுவுல திட்டுவாரு, ஏர் ஃபில்டர் இல்லாம மிஷின ஓட்டி எடுத்துக்கினு வந்த ஒருத்தர எல்லாரும் இருக்கும்போதே சத்தம் போட்டாரு, அது எனக்கு கொஞ்சம் சங்கடமா தான் இருந்துச்சி, அவரு வயசுல பெரியவரு.

போறவங்க காலீல நாஷ்டா முடிச்சிட்டு சீக்கிரம் போயிடுங்க, பத்து மணிக்கு மேல கூட்டம். மிஷின் கூட வந்த புக்கு இருந்தா கட்டாயம் எடுத்துக்கினு போங்க, அளவெல்லாம் அத பாத்து தான் வெப்பாரு. டேங்க்ல இருக்கற பெட்ரோல வடிச்சிடாம அப்டியே கொண்டு போங்க, அத ஒரு கண்ணாடி பாட்டில்ல ஊத்தி ஓரமா வெச்சி, அடியில தண்ணி பிரியுதான்னு பாத்துட்டு தான் அடுத்த வேலைக்கே போவாரு. பிளேடு கூரு போடணும்னாலும் அங்கயே பண்ணித் தர்றாரு, செயின்சா செயின் மட்டும் இல்ல, அதுக்கு வேலூர்ல தான் போவணும்.